கூம்பில் காய்ந்த சந்தனம்

ஓசூரிலிருந்து செல்வி போன் செய்தாள். "சார், நூர்ஜகான் மேடம் இறந்துட்டாங்களாமே, நெஜமா?" என்றாள். எனக்குத் தெரியாது. ஏழு வருஷம் ஒரே பயிற்சி மையத்தில் வேலை பார்த்தவன் நான். அவர் மேசைக்கும் நான் கடைசல் சொல்லித்தரும் லேத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பத்து நாளாக அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. எங்களிடம் படித்துவிட்டுப் போன பெண்ணுக்கு ஓசூரில் எட்டிய செய்தி எனக்கு எட்டவில்லை. போனை வைக்கும் முன் அவள் அழுதுகொண்டே, "என்னாலதான சார் மேடம் கவுண்டருக்குப் போனாங்க? நான் பட்டனை அமுக்குனதாலதான?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டேன்.

அறந்தாங்கி போய், பஸ் மாறி, கோட்டைப்பட்டினத்தில் இறங்கியபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். நாற்பத்திரண்டு வயது. கணவர் துபாயிலிருந்து வந்து சேரவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கதவுக்கு உள்ளேயிருந்து அவருடைய அம்மா, "லேத்து அண்ணனுங்களா? ஒங்களப் பத்தி எம்புள்ள நல்லாத்தான் சொல்லும்ங்க" என்றார். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு செருப்படி வாங்கியதில்லை. ஏன் என்று நூர்ஜகானை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஓடும் எந்திரங்களுக்கு புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பது நூர்ஜகானின் வேலை. சென்னைப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, அம்மா தனியாகிவிட்டார் என்று ஊர் திரும்பியவர். எங்கள் மையத்துக்கு வந்த முதல் வாரமே ஒரு பெட்டி நிறைய சலவைச் சோப்புக் கட்டிகளோடு வந்தார். ஆளுக்கு ஒரு கட்டி, ஒரு கத்தி. "அஞ்சு பக்கத்துலேர்ந்து வெட்டுற மெஷின் வரப்போகுது. மொதல்ல உங்க கைக்கு அஞ்சு பக்கம் தெரியட்டும்" என்று பிள்ளைகளைச் செதுக்கவிட்டார். வகுப்பு முழுக்க சலவைக்கடை வாசம். நான் கதவோரம் நின்று, "துவைக்கக் கத்துக்குடுக்குறீங்களாம்மா?" என்று நக்கல் அடித்தேன். "ஆமாண்ணே, அழுக்கு இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் சிரிக்காமல்.

சொன்னபடி அந்த எந்திரம் வந்தது. லாரியிலிருந்து இறங்கிய நாள் முதல் எங்கள் முதல்வர் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. பார்க்க வருகிறவர்களுக்குப் புதுசாகத் தெரிய வேண்டுமாம். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த நூர்ஜகான் ஒருநாள் பிளேடை எடுத்து சரசரவென்று கிழித்துவிட்டார். முதல்வர் ஓடிவந்து கத்தினார். "மெஷினுக்கு மரியாதை வேணாம் சார், பழக்கந்தான் வேணும்" என்றார் நூர்ஜகான். இந்த வாக்கியத்தை நீங்களெல்லாம் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள்.

எனக்கு அந்த எந்திரத்தின் மேல் பழக்கமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. பயம்தான். முப்பது வருஷம் லேத்தில் நின்றவன். கைவேலை தெரியாதவன் பொத்தானை அமுக்கி என்ன கிழிக்கப்போகிறான் என்று வீம்பு பேசிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, சத்தம் மாறுனா ஒங்க காதுக்குத் தெரியும். இந்த மெஷினுக்கு அது தெரியாது. அந்தக் காதை இந்தப் புள்ளைங்களுக்கு யாரு குடுக்குறது? இங்கிட்டு வந்து நில்லுங்க" என்றார். போய் நின்றேன். அந்த வயதில் ஒரு புரோகிராம் எழுதி, அது அலுமினியக் கட்டியில் நான் நினைத்த மாதிரியே படி படியாக வெட்டியதைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் ஓயாமல் சொன்ன இன்னொன்று, "தொடைச்சிட்டு மாட்டு." வெட்டும் உளியை ஒரு எஃகுப் பிடியில் பொருத்துவோம். அந்தப் பிடியின் தலை கூம்பு. அந்தக் கூம்பு எந்திரத்தின் சுழலும் தண்டுக்குள் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். நடுவில் ஒரு தலைமுடி கிடந்தாலும் அந்த வேகத்துக்கு உளி ஆடும், தண்டின் பேரிங் போய்விடும். அதற்கென்றே பழைய வெள்ளைச் சட்டையைக் கிழித்து ஒரு துணி வைத்திருந்தார். அது துவைத்துத் துவைத்து நூலாகிப் போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். நாங்கள் எல்லாக் கருவியையும் கழுவி, வாழை இலையில் வைத்து, பொட்டு வைத்தோம். லேத்தில் எங்கே சந்தனம் பூசினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். பெரிய எந்திரத்தின் பிடிகளையும் எடுத்து நிமிர்த்தி வைத்தேன். கோபுரம் மாதிரி அழகாக நின்றன. கூம்பில் மூன்று விரலால் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். மறுநாள் அவற்றை எந்திரத்தின் அடுக்கில் திரும்ப மாட்டியதும் நானே. எல்லாவற்றையும் துடைத்தேன். கடைசிப் பிடியில் மட்டும் பொட்டை விட்டுவிட்டேன். சாமிக்கு வைத்ததை முழுக்க அழிக்க மனசு வரவில்லை. ஒன்றாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அந்த வாரமே, நூர்ஜகான் ஊரிலிருந்து திரும்பியதும், திருச்சிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, பிடித்தால் அந்த வகுப்பையே வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு. கொடும்பாளூர்ப் பக்கமிருந்து வந்து படித்த செல்விதான் அன்று எந்திரத்தின் முன் நின்றாள். எந்திரம் அடுக்கிலிருந்து உளிகளைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொள்ளும். கடைசிப் பிடியின் முறை வந்தது. சத்தம் மாறியதை முதலில் கேட்டது என் காதுதான். "நிறுத்து" என்று நான் கத்துவதற்குள் உளி முறிந்து எந்திரக் கதவின் கண்ணாடியில் அடித்தது. வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து பிடியைக் கழற்றினார். கூம்பில் மஞ்சளும் சிவப்பும் இழுபட்டுக் காய்ந்திருந்தது. தண்டின் பேரிங் போய்விட்டது என்றார். "யாருய்யா இது?" என்றார் முதல்வர். நாலு பயிற்றுநர்கள் நின்றோம். எனக்கு அந்த மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய மாதம். நான் தரையைப் பார்த்தேன். மூன்று விரல் பட்டை போடுகிறவன் அங்கே நான் ஒருத்தன்தான் என்று நூர்ஜகானுக்குத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "மெஷின் என் பொறுப்பு சார். ஓட்டுறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் போய்ப் பிடித்தேன். "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன். "பூஜையாலதான் மெஷின் போச்சுன்னு நூர்ஜகான் ரிப்போர்ட் எழுதுனா, அப்புறம் யாரும் மெஷினைப் பத்திப் பேச மாட்டாங்கண்ணே. வேற எதையோ பேசுவாங்க. நான் எழுத முடியாது. நீங்க எழுதலாம்" என்றார். அவர் அறை எடுத்துத் தங்கியிருந்த திருக்கோகர்ணம் போகும் டவுன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நான் எழுதவில்லை. நூர்ஜகானை வகுப்பிலிருந்து எடுத்து, சேர்க்கை விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். அவர் போலப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரோ பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எந்திரம் தார்ப்பாய்க்குள் போனது. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று இன்றுவரை கடிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்திரத்தைத் தொடாமலேயே இரண்டு வகுப்புகள் அதில் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டன. அடுத்த ஆயுத பூஜைக்குத் தார்ப்பாய்க்கு மேலேயே மாலை போட்டோம். கூட்டத்துக்குப் பின்னால் நூர்ஜகான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரே ஒரு முறை கேட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி, "எழுதிட்டீங்களாண்ணே?" என்றார். "கான்ட்ராக்ட் வந்துரட்டும்மா" என்றேன். வந்தது. அப்புறம் மகள் கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முடிந்தது. மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? அதற்குப்பிறகு அந்தக் கவுண்டர் வழியாகப் போவதையே விட்டுவிட்டு, பின்வாசலால் போக ஆரம்பித்தேன்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து திரும்பிய பிறகு, அவர் மேசையைக் காலி செய்ய என்னைச் சொன்னார்கள். அடி டிராயரில் அந்த வெள்ளைத் துணிச் சுருள் இருந்தது. பிரித்தால், அந்தப் பிடி. கூம்பில் என் சந்தனம் அப்படியே இருந்தது. தூசி பட்ட ஸ்கேலைக்கூடத் துடைக்காமல் வைக்காத மனுஷி, இரண்டு வருஷம் இதைத் துடைக்காமல் வைத்திருந்திருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்க வைத்திருந்தார் என்று நினைக்க நான் ஆசைப்பட்டேன். அப்படியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் காத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அன்றே எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்ப எதுக்குங்க இது? அவங்களே போயிட்டாங்க" என்று கோப்புக்கு அடியில் செருகினார். செல்விக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவள் பெட்டி அடுக்குகிறாள். அங்கே அதே மாதிரி எந்திரம் இருக்கிறதாம், பயத்தில் கிட்டே போவதில்லையாம். நான் சொல்லி முடித்ததும் "ரெண்டு வருஷமா சார்?" என்றாள். வைத்துவிட்டாள்.

அவருடைய துணியும் அந்தப் பிடியும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. நான் துடைக்கவில்லை, துடைக்க எனக்கு அருகதை இல்லை. நூர்ஜகானை அறிந்தவர்களே, அவர்மேல் எழுதி வைத்த தவறு அவருடையது அல்ல, செல்வியுடையதும் அல்ல. பொட்டு வைத்தது நான்.

எழுதிட்டேன்மா. கேட்கத்தான் நீங்க இல்ல.