வார்டன் மேல் கட்டிய பிராது

கயல்விழி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அதுவும் சண்டை போடுவதற்கு. கூடப் போனவள் நான் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

2006 வாக்கில் நாங்கள் மூன்று பேர் விருத்தாசலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டு அரசாங்கப் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நான் ஸ்ரீமுஷ்ணம். எங்கள் வீட்டில் பெருமாளைக் கேட்காமல் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டார்கள். கயல்விழியின் அப்பா தங்கராசு வேப்பூர் கூட்டுரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர், வருஷம் முழுவதும் கறுப்புச் சட்டைதான். மகளும் அப்படியே வளர்ந்திருந்தாள். நான் காலையில் விளக்கேற்றினால், "எண்ணெய வீணாக்காத, தலைக்காவது வையி" என்பாள். மூன்றாவது ஆள் பாரதி. திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவள் வாய் திறந்து பேசினால் எங்களுக்கு அன்று பண்டிகை.

பாரதிக்கு வலிப்பு நோய் இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது. ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது என்று பெட்டிக்கடியில் ஒளித்து வைத்து, அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து விழுங்குவாள். எங்கள் அறையில் ஆள் இல்லாத நேரம் எது? அதனால் பாதி நாள் மாத்திரை விட்டுப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் தட்டோடு சாய்ந்துவிட்டாள்.

ஆளாளுக்கு ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒருத்தி கரண்டியை வாயில் வைக்கப் போனாள். கயல்விழி அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு பாரதியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வலிப்பு நின்று அவள் கண் திறந்தபோது சுற்றி விடுதியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இரவே வார்டன் அம்புஜவல்லி மேடம் அவளை மளிகைச் சாமான் அறையில் படுக்க வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். மறுநாள் பாரதியின் அப்பா மாயவனை வரச்சொல்லி, "கூட்டிட்டுப் போயிடுங்க, நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது" என்று அனுப்பிவிட்டார்.

பாரதியின் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் கல்லூரிக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை. மாயவனும் பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஹாஸ்டல்ல வச்சிக்கலன்னா நின்னுடட்டும்மா. பொட்டப்புள்ள, வூட்டுல இருக்கட்டும்." பாரதி திரும்பிப் பார்க்கவே இல்லை.

கயல்விழி சும்மா இருப்பாளா? ஏற்கெனவே குளியலறைப் பாசிக்கும், புழு நெளிந்த அரிசிக்கும் சண்டை போட்டு வார்டனிடம் கெட்ட பேர் வாங்கியவள். அடுத்த வாரமே பாரதியின் ஊருக்குப் போய் அவளையும் மாயவனையும் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். டாக்டர், இந்தப் பெண் தாராளமாக விடுதியில் இருக்கலாம், நேரத்துக்குச் சாப்பாடும் மாத்திரையும் தூக்கமும் இருந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். வார்டன் அந்தக் காகிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை. "டாக்டரா வந்து ராத்திரி காவல் இருப்பாரு?"

பிறகு வார்டனுக்கு மேலே இருந்த அதிகாரிக்கு மனு கொடுத்தோம். நியாயமாகத்தான் எழுதியிருந்தோம். பத்து நாள் கழித்து வார்டன் எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் எங்கள் மனு இருந்தது. வார்டன் மேல் கொடுத்த புகாரை விசாரித்து அறிக்கை அனுப்பும்படி வார்டனுக்கே அனுப்பியிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நானே விசாரிக்கிறேன், சொல்லுங்க, என் மேல என்னா புகாரு?"

கயல்விழி எழுந்து என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம், பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"வார்டனுக்கு செயினு காணாமப் போயி கிடைச்சிச்சே, அப்ப எங்க பிராது கட்டுனாங்க?"

"மணவாளநல்லூர்ல. கொளஞ்சியப்பர் கோயிலு."

"அங்க குடுத்த மனுவை அவங்ககிட்டயே திருப்பி அனுப்ப மாட்டாங்கல்ல?"

நான் நின்றுவிட்டேன். "நீதான் சாமி இல்லன்னுவியே."

"எனக்கு இல்ல. அவங்களுக்கு இருக்குதுல்ல, அது போதும்."

எங்கள் பக்கத்தில் அந்தக் கோயிலைத் தெரியாதவர்கள் இல்லை. போலீசும் கோர்ட்டும் கைவிட்டவர்கள் கொளஞ்சியப்பரிடம் பிராது எழுதி வைத்து, அந்தச் சீட்டை அங்கேயே இருக்கும் முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்ததும் கட்டியவர்களே போய் ராஜினாமா செய்து திரும்பப் பெற வேண்டும். அதுவரை வழக்கு நிலுவையில் இருப்பதாகவே கணக்கு.

கயல்விழி கோயில் வாசலில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, எழுதினாள். காலை இறக்கச் சொல்லிக் கிள்ளினேன், இறக்கவில்லை. அவள் எழுதியதைப் படித்துக் கொளஞ்சியப்பருக்கே வியர்த்திருக்கும். வேண்டுகிறேன், மன்றாடுகிறேன் என்று ஒரு சொல் கிடையாது. நோயாளிப் பெண்ணை அறையில் பூட்டியது தப்பு, விடுதியை விட்டு அனுப்பியது தப்பு, அவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இனி எந்தப் பெண்ணுக்கும் இப்படி நடக்கக் கூடாது. அவ்வளவுதான். கட்டும்போது முடிச்சை அவள் போட, நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் நேராக அலுவலக அறைக்குப் போனாள். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து வார்டன் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க மேடம். கொளஞ்சியப்பர் கோயில்ல ஹாஸ்டல் வார்டன் மேல பிராது கட்டிட்டு வரோம்."

அதிகாரியின் கடிதத்துக்குச் சிரித்த முகம் அப்போது சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிராதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பால் திரிந்தது, பிராது. வார்டன் பையனின் ஸ்கூட்டர் நடுரோட்டில் நின்றது, பிராது. கடைசியாகக் குளியலறையில் வழுக்கி விழுந்து வார்டனுக்குக் கால் பிசகியது. சமையல்கார பூவாயி அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் நம்புகிறவள், நானும் போட்டுக்கொண்டேன். கயல்விழியோ, "பாசி வழுக்கிச்சு. கழுவ ஆளு போடுங்கன்னு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தேன். சாமி மேல ஏன் பழிய போடுறீங்க" என்றாள்.

காலில் கட்டோடு வார்டன் எங்கள் அறைக்கே வந்தார். கயல்விழியின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ண வரச்சொல்லு. பிராத எடுத்துடு."

"வரட்டும் மேடம். மாடி வேணாம், கீழ் ரூமுல அவளுக்குக் கட்டிலு வேணும். மாத்திரை நேரத்துக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணும். தாழ்ப்பாளு போடக்கூடாது."

"சரி. அப்புறம் எடுத்துடுவல்ல?"

"அவ பரீட்சை எழுதி முடிக்கட்டும். பாக்கலாம்."

பாரதி பெட்டியோடு வந்து இறங்கியபோது கயல்விழி எல்லோருக்கும் முன்னால் மாத்திரை டப்பாவை வாங்கி, மெஸ்ஸில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் வைத்தாள். "இனிமே இது இங்கதான் இருக்கும். ஒளிச்சி ஒளிச்சித் திங்கிறதுக்கு இது என்னா திருட்டு மாங்காயா?" பாரதி அழுதாள். பிறகு சிரித்தாள். மறுபடி ஒரு தடவை வலிப்பு வந்தது. அப்போது யாரும் சாவியைத் தேடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

விஷயம் வேப்பூர் வரைக்கும் போய், தங்கராசு விடுதிக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே மகளைக் கேட்டார். "கோயிலுக்கா போன?"

"ஆபீசுக்குப் போனேன்ப்பா. தொறந்திருந்த ஆபீசு அது ஒண்ணுதான்."

அவர் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று வார்டன் பட்டுப்புடவையில், தேங்காய் பழத் தட்டோடு தயாராக நின்றார். வாசலில் ஆட்டோவும் நின்றது.

"பாரதி எழுதி முடிச்சிட்டா. வா, ராஜினாமா பண்ணிட்டு வந்துடலாம்."

கயல்விழி பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "கவலைப்படாதீங்க மேடம். அதுல உங்க பேரு இல்ல. ஹாஸ்டல் வார்டன்னுதான் எழுதியிருக்கேன். நீங்க மாத்தலாகிப் போனா உங்களுக்கு இல்ல, அடுத்து வரவங்களுக்கு."

நான் இப்படியொரு நெஞ்சழுத்தத்தை அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொளஞ்சியப்பரை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

பாரதி இப்போது திட்டக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கயல்விழி விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூளைப் பக்கம் வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஓர் அறை வேண்டும் என்று முதலாளியோடு தகராறு நடந்துகொண்டிருக்கிறது. முதலாளி எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று என்னிடம் விசாரித்தாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மா காத்திருந்தார். விடுதிக்குப் புதிதாக வந்த வார்டனாம். சேர்ந்த முதல் நாளே பிள்ளைகள் பிராதைப் பற்றிச் சொல்லிவிட்டார்களாம், ராத்திரி தூக்கமில்லையாம்.

"நீங்க கட்டுனதுன்னு சொன்னாங்க. எடுத்துடுங்களேன், புண்ணியமாப் போவும்."

கயல்விழி அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "கீழ் ரூமுல இப்ப யாரு இருக்காங்க?"

"ஒரு பொண்ணு இருக்குது. வீசிங்கு அதுக்கு. ராத்திரில மூச்சு வாங்கும். பக்கத்துல ஒருத்தியத் துணைக்குப் படுக்க வச்சிருக்கேன்."

"நல்லாப் பாத்துக்குறீங்க" என்றாள் கயல்விழி. "அப்ப பிராதும் இருக்கட்டும்."