விளக்கணைத்த பொத்தான்கள்

மின்சாமான் கடையில் பல்பும் வயரும் விற்கிற அவருக்குத் தெருவில் மேதை என்று பேர். கிண்டலுக்கு வைத்த பேர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். விடுமுறை நாட்களில் விழாக்களுக்கு டிஜேயாகப் போவார். அந்தத் தொழிலில் தன்னைத் தவிர மற்றவனெல்லாம் வெறும் பொம்மை என்பது அவருடைய முடிவு.

இந்தத் தலைக்கனத்துக்குக் காரணம் ஒரு பெட்டி. எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு ரப்பர் பொத்தான்கள் கொண்ட, கம்ப்யூட்டரில் பாட்டை ஓட்டும் மிடி பேட். எந்தப் பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாம். அதற்கு மேப்பிங் என்று பேர். மற்றவர்கள் கம்பெனி கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, வேலைக்கு ஒரு நிறமாக விளக்கு எரியவிட்டுப் பிழைக்கிறார்கள். மேதைக்கு அது கேவலம். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். எவனும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாதே என்று எல்லா விளக்கையும் அணைத்தார். கம்பெனி பெயர் மேல் கருப்பு டேப் ஒட்டினார். கடைசியில் பெட்டிக்கு எது தலை, எது கால் என்றே தெரியாமல் போனது. அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

கூடவே தொழில் செய்தவன் மச்சான், மனைவியின் தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாயில்லாப் பூச்சி. அவனுடைய பேடில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரியும். ஒருமுறை மேதை வெளியே போயிருந்தபோது பாட்டு முடியப்போக, மச்சான் பதறிப்போய் அவர் பெட்டியைத் தொட்டுவிட்டான். அன்றே மேதை ஒரு பொறி வைத்தார். மச்சானின் பேடில் அடுத்த பாட்டைத் தொடங்கும் பொத்தான் மேல் வலது மூலையில். தன் பெட்டியில் அதே மூலையைத் தட்டினால் எல்லாம் நின்று ஊமையாகும்படி செய்தார். தனக்கான அடுத்த பாட்டைக் கீழ் இடது மூலைக்குக் கொண்டுபோனார். இனித் தொட்டால் மச்சான் ஊர் முன்னால் அசடு வழிய வேண்டும் என்று திட்டம்.

இந்த நேரத்தில் மச்சான் யார் யாரையோ பிடித்து ஒரு பெரிய மண்டபத்தில் வாய்ப்பு வாங்கி வந்தான். ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு வாசிக்க வேண்டும். மண்டப மேனேஜருக்குப் பிடித்தால் வாராவாரம் இருவருக்கும் நிரந்தர வேலை. மச்சான் வேறு வேலையை விட்டுவிட்டு இதைத்தான் நம்பியிருந்தான்.

மேடையில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பெட்டியின் பின்னால் கேபிள் செருக இடமில்லை. பெட்டியை முன்பின்னாத் திருப்பி வச்சுக்கலாமா மாமா, அப்படியே மேப்பிங்கையும் திருப்பிப் போட்டுடலாமே என்று மச்சான் கேட்டான். பெட்டியைத் திருப்பி வைத்த மேதை, மேப்பிங்கைத் தொடவில்லை. தூக்கத்தில்கூடத் தன் கைக்கு வழி தெரியும் என்றார்.

பெட்டி திரும்பியிருப்பதைக் கொஞ்ச நேரம் கையும் நினைவு வைத்திருந்தது. கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியதும் மேதை கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு, பழக்கத்தில் கீழ் இடது மூலையைத் தட்டினார். திருப்பி வைத்த பெட்டியில் அங்கே இருந்தது பொறி.

மண்டபம் செத்துப்போனது. தூக்கிய கையோடு ஜனம் நின்றது. மேனேஜர் மேடையேறி வந்து யார் கை வைத்தது என்று கேட்டார். மேதையின் கண் மச்சான் நின்ற பக்கம் போனது. அந்தப் பார்வை மச்சானுக்குப் போதும்.

"நான்தான் சார். தெரியாம கை பட்டுருச்சு."

இதோடு விட்டிருந்தால் கொஞ்சமாவது மனிதர் என்று சொல்லலாம். விடவில்லை. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கூட்டத்துக்கு முன்னால் மச்சானைக் கிழித்தார். விழா முடிந்ததும் மேனேஜர் வேலையைக் கொடுத்தார். ஆனால் அந்த இன்னொரு ஆள் வேண்டாம் என்றார். மேதை சரி என்றார். சற்றும் கூசவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த மனைவி, வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"அவன் எப்படி தொட்டிருப்பான்? ரெண்டு கையிலயும் சாப்பாட்டுத் தட்டு இருந்துச்சு. ஒண்ணு உங்களுக்கு."

"அவனே ஒத்துக்கிட்டானே," என்றார் மேதை.

அடுத்த வாரம் மண்டபத்துக்கு அவள் வரவில்லை. மேதை ஸ்பீக்கர்களைத் தனியாகவே இழுத்து வந்தார். மேசை அதே சுவரோடுதான் கிடந்தது. வாசிக்கும் முன் கம்ப்யூட்டரில் மேப்பிங் பக்கத்தைத் திறந்தார். அந்த மூலைப் பொத்தானின் வேலையை நீக்க ஒரு நிமிஷம் போதும். நீக்கவில்லை. எவனாவது தொட்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டார். மேடையில் அவரைத் தவிர யாரும் இல்லை.