வெள்ளிக்கிழமை அணைக்கக் கூடாத மெஷின்

ஆரணியில ஒரு பட்டுப் புடவைக் கடையில நான் வேலைக்குச் சேர்ந்தது, ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதுசுல. வெளிநாட்டுல இருக்கறவங்க புடவைப் படம் பார்த்து ஆர்டர் கொடுக்கிற வெப்சைட்டை நான்தான் எழுதினேன். அந்த சைட்டை ஓட்டுற மெஷின், அதான் சர்வர், அதுவும் கடைக்குள்ளயே, மொதலாளி மேஜைக்குப் பக்கத்துல இருந்துது. "ஒரு குறையும் வராதுங்க"ன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு, வேற இன்னா?

ஒரே வாரத்துல குறை வந்துடுச்சு. கேக்குறவங்களுக்குப் படம் எடுத்துக் காட்ட, சர்வருக்குள்ள என் புரோகிராமோட அஞ்சாறு நகல் ஓடிகினு இருக்கும், ப்ராசஸ்னு சொல்வோம். ஒவ்வொண்ணும் காட்டி முடிச்ச படத்தையும் விடாம மெமரியில சேர்த்துகினே போச்சு. சாயங்காலத்துக்குள்ள மெமரி ரொம்பி சைட் நின்னுடும். தப்பு என் புரோகிராம்லதான், எங்கன்னு மட்டும் பிடிபடல. தினம் மத்தியானம் மொதலாளி சாப்பிடப் போனதும் மெஷினையே அணைச்சு மறுபடி போடுவேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அதான்.

வெள்ளிக்கிழமை அது நடக்காது. அன்னைக்கு மெஷினுக்குக் குங்குமம் வெச்சு, பூ போட்டு, மொதலாளி சாப்பிட வீட்டுக்கும் போகாம பக்கத்துலயே உக்காந்துகினு இருப்பார். கடையில எதையும் அணைக்கக் கூடாது. மெமரி ஏறுறதைப் பார்த்துகினு நான் உக்காந்திருப்பேன்.

மூணாவது வெள்ளியும் விளக்கு வெக்கிற நேரத்துல சைட் நின்னுபோச்சு. அப்போ பார்த்து, கடை பெருக்குற அக்கா மெஷின் கிட்ட துடைப்பத்தோட குனிஞ்சிருந்தாங்க. சேவூர்ல இருந்து வர்றவங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இவங்க சம்பளத்துலதான் வீட்டுல உலை வெக்கணும்.

"நீதான் வாராவாரம் ஒயரை இழுத்து உடுறியா? அதுவும் வெள்ளிக்கெழமையில!"ன்னு மொதலாளி கத்தினார்.

"ஐயோ, நான் தொடவே இல்லீங்க. பாப்பா, நீ பாத்துகினுதான இருந்த, சொல்லும்மா"ன்னு அக்கா என் பக்கம் திரும்பினாங்க.

"எனக்குத் தெரியலக்கா"ன்னேன். உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும்னு பயம். நாளையிலிருந்து வர வேணாம்னு மொதலாளி அவங்களை அனுப்பிட்டார்.

அந்த வாரம் சோறு எறங்கல. சரி பண்ணிட்டு உண்மையைச் சொல்லி, அக்காவைத் திரும்பக் கூட்டியாந்துடணும்னு தேடு தேடுன்னு தேடினேன். வியாழக்கிழமை ஒரு வழி கெடைச்சுது. செட்டிங்ல ஒரே ஒரு வரி சேர்த்தேன். இனிமே ஒரு ப்ராசஸ் ஐநூறு தடவை படம் காட்டினதும் தானா முடிஞ்சு, அது பிடிச்சுகினு இருந்த மெமரி திரும்பி வந்துடும். அதோட இடத்துக்குப் புதுசு ஒண்ணு வரும். மெஷினை யாரும் தொடவே வேணாம்.

மறுநாள் பூரா உசுரைக் கையில பிடிச்சுகினு இருந்தேன். விளக்கு வெச்சாச்சு, சைட் ஓடிகினே இருந்துது. சொல்ல வேண்டியதை மனசுக்குள்ள ஒருதரம் சொல்லிப் பார்த்துட்டு எழுந்து மொதலாளிகிட்ட போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே சிரிச்சார்.

"பாத்தியாம்மா, அவளை நிறுத்தின மொத வெள்ளிக்கெழமையே எவ்ளோ நல்லா ஓடுது! நான் சொன்னது சரியாப் போச்சா?"

"ஆமாங்க"ன்னு சொன்னேன்.