திங்கள், வியாழன், பின்னேரம் மூன்று மணி

போன திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு போன்.

“மிஸ், பரீதா கதைக்கிறன். இண்டைக்குக் கை நடுங்கல்ல.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நான் அன்புவழிபுரத்தில் என் வீட்டுக் குசினியில் நின்றிருந்தேன். அடுப்பில் பருப்பு. அதை அணைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். யாரோ ஒருவருடைய கை நடுங்கவில்லை என்பதற்காக அறுபத்தாறு வயதில் உட்கார்ந்து அழுகிறவளை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இந்தக் கதையில் நான் நல்லவளாக வரப்போவதில்லை. அதையும் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் தாதியர் கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகாவது விட்டார்களா? இறுதி வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும். அதைத் திருத்தித் தரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானும் சிவப்புப் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். உண்மையைச் சொன்னால், கூப்பிடாவிட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

இந்த முறை தலைப்பு: ‘நீரிழிவு நோயாளர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமைக்கான காரணங்கள்’. கிராமத்துக் கிளினிக்குகளுக்குப் போய், நோயாளிகளிடம் கேட்டு எழுத வேண்டும். கேள்வித்தாளைத் தயாரித்துக் கொடுத்தது நான்தான். இருபது கேள்விகள். ‘தாங்கள் மருந்து உட்கொள்ளத் தவறுவதற்கான பிரதான காரணம் யாது?’ கீழே மூன்று பெட்டிகள் – மறதி, அறியாமை, அலட்சியம். ஏதாவது ஒன்றில் சரி போட வேண்டும். அந்தத் தமிழைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் அழகாக நிரப்பிக் கொண்டுவந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் நதீகா. கந்தளாய்ப் பிள்ளை, வீட்டில் சிங்களம். அவளுடைய தாள்களில் பெட்டியெல்லாம் வெறுமை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் சிங்களத்தில் ஏதோ கிறுக்கியிருந்தாள்.

“இது என்ன பிள்ளை?”

“பேஷன்ட் சொன்னது மிஸ்.”

“அப்ப பெட்டி?”

“பெட்டியில அந்தப் பதில் இல்லை மிஸ்.”

எனக்குச் சுர்ரென்றது. வேலை செய்யாமல் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கிளினிக்குக்கு நானே பின்னால் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று முடிவெடுத்தேன். பிடிபட்டது யார் என்பதைக் கடைசியில் பாருங்கள்.

கிண்ணியாவுக்கு அங்கால், வயல்வெளிக்கு நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாமே... செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நீரிழிவுக்காரருக்கான சீனி வருத்தக் கிளினிக். ஏழெட்டு வருடத்துக்கு முன் நானும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்தவள்தான். உட்காரும் வாங்குகள் மாறவில்லை. வெறும் வயிற்றோடு வந்து, இரத்தம் கொடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த பணிஸைக் கடித்துக்கொண்டு இருக்கிற சனமும் மாறவில்லை.

நதீகா ஒரு வாங்கில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பரீதா ராத்தா. ராத்தா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம், ஆனாலும் ஊரே ராத்தா என்றுதான் கூப்பிடுகிறது. தையல் தைத்துப் பிழைக்கிறவர். டொக்டரைப் பார்த்து முடித்துவிட்டார். மருந்து கவுண்டரில் நம்பர் கூப்பிடும்வரை காத்திருந்தார்.

நான் அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டினேன். மூன்று இடத்தில் சிவப்பு மையில் ஒரே வசனம். ‘ஒத்துழைப்பு இல்லை. மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை.’

அந்த வசனம் யாருடையது தெரியுமா? என்னுடையது. மருந்து கொடுத்தும் சீனி இறங்காத நோயாளிக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள்.

கொப்பி சொன்ன கதை இதுதான். ஒவ்வொரு செவ்வாயும் சீனி கூட. போன வருடம் வரை காலையில் ஒரு குளிசை. பிறகு இரண்டு. அன்றைக்கு டொக்டர் மூன்று என்று எழுதியிருந்தார்.

நதீகா என் கேள்வித்தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். ‘உட்கொள்ள’ என்ற இடத்தில் நாக்குத் தடக்கியது. திரும்பவும் முயன்றாள். ராத்தா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விளங்கல்ல மகள்.”

“எனக்கும்” என்றாள் நதீகா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தாளை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்தாள். என்னுடைய இருபது கேள்விகளும் அங்கே போய்விட்டன.

“அம்மா, நேத்து என்ன சாப்பிட்டது?”

இது இரண்டாம் மொழித் தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற கேள்வி. நேற்று, இன்று, நாளை படிப்பிக்கிற பாடத்தில் வரும். இதை வைத்து ஆய்வா? நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்கு முன் ராத்தா பதில் சொல்லிவிட்டார்.

“நேத்துப் பகல் ஒண்டும் இல்ல மகள். நோன்பு.”

நோன்பு மாதம் முடிந்து எவ்வளவோ நாள். எனக்கு விளங்கவில்லை. நதீகாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவளிடம் இருப்பதே நாலு கேள்விதான். அடுத்ததைக் கேட்டாள்.

“எந்த நாள் நோன்பு?”

“திங்களும் வியாழனும். சுன்னத்து நோன்பு, நாமளா விரும்பிப் பிடிக்கிற. எங்கட உம்மா பிடிச்ச, நானும் பிடிக்கிற.”

“குளிசை?”

“அது ஒரு நாளும் விட்டதில்ல. விடியமுன்ன சஹருக்கு எழும்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் போட்டுருவன். காலைக் குளிசை எண்டுதானே சொல்லி இரிக்கி.”

“பிறகு?”

அந்த ‘பிறகு’வைக் கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். ராத்தா யோசித்தார்.

“பிறகு... மூணு மணிபோல கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். கண் இருட்டும். அப்பிடியே பாயில சாஞ்சிருவன். வயசு போகுதுதானே.”

வாசகர்களே, எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நேர்ஸாக இருந்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சீனியை இறக்கும் குளிசையை விடியமுன் போட்டுவிட்டு, பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் பின்னேரம் சீனி தரைதட்டிவிடும். அதுதான் நடுக்கம், அதுதான் வேர்வை. மாலையில் நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், கஞ்சி, சீனி போட்ட தேத்தண்ணி, பிறகு சோறு. பசித்த உடம்பு விடுமா? மறுநாள் செவ்வாய். கிளினிக். இரத்தத்தைப் பார்த்தால் சீனி கூட. மருந்தைக் கூட்டு. கூட்டக் கூட்டத் திங்களும் வியாழனும் இன்னும் ஆழமாக விழும்.

அந்த மனுஷி பொய்யே சொல்லவில்லை. மருந்து போடுகிறீர்களா என்று கேட்ட எல்லோருக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தக் கிளினிக்கிலேயே சொன்னபடி குளிசை போட்ட ஆள் அவராகத்தான் இருக்கும். மூன்றாவது குளிசையையும் அப்படியே ஒழுங்காகப் போட்டிருந்தால் ஏதாவது ஒரு வியாழக்கிழமை பாயில் சாய்ந்தவர் எழும்பியிருக்கமாட்டார்.

“நம்பர் முப்பத்தொண்டு” என்று கவுண்டரில் கூப்பிட்டார்கள். ராத்தா எழுந்தார்.

“ராத்தா, நில்லுங்கோ. வாங்கவேண்டாம்.”

என் முழங்காலுக்கு ஓட்டம் தடை. அன்றைக்கு ஓடினேன். கவுண்டரில் நீட்டியிருந்த குளிசைப் பைக்கற்றைத் தள்ளிவிட்டு, கொப்பியைத் தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குள் நுழைந்தேன். “கியூவில வாங்க” என்று பின்னால் இரண்டு பேர் ஏசினார்கள். ஏசட்டும்.

டொக்டர் என் மகன் வயதுப் பிள்ளை. எனக்கு மூச்சு வாங்கியதால் நதீகாதான் சொன்னாள், சிங்களம் பாதி தமிழ் பாதியாக. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, செவ்வாய், செவ்வாய், செவ்வாய் என்று விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

“எல்லாம் திங்களுக்கு அடுத்த நாள். நானும் கேக்கேல்லை மிஸ்.”

ராத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குளிசையைக் குறைத்தார். நோன்பு நாளுக்கு ஒரு விதம், மற்ற நாளுக்கு ஒரு விதம் என்று தனித்தனியாக எழுதினார். இந்த வியாழன் மட்டும் நோன்பை விடுங்கள், உடம்பு பழகட்டும், திங்கள் பார்ப்போம் என்றார். நடுக்கம் வந்தால் உடனே நோன்பைத் திறந்து ஏதாவது இனிப்பாகக் குடிக்க வேண்டும் என்றபோது கொஞ்சம் தயங்கினார், ராத்தா கோபிப்பாரோ என்று.

ராத்தா கோபிக்கவில்லை. “உயிருக்கு ஆபத்தெண்டா திறக்கலாம் எண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. மார்க்கத்துல அது இரிக்கி. இந்த நடுக்கம் ஆபத்து எண்டுதான் ஒருத்தரும் சொல்லல்ல.”

(இதை வாசித்துவிட்டு நீங்களாகக் குளிசையைக் கூட்டிக் குறைக்காதீர்கள். டொக்டரிடம் கேளுங்கள். நேர்ஸ் புத்தி எங்கே போகும்?)

இப்போது தாதியர் பாடத்தில், நோயாளியின் வழக்கங்களைக் கேட்டு மதித்துக் கவனிப்பதற்கு ‘கலாசாரப் பாதுகாப்பு’ என்று ஒரு பகுதி வந்திருக்கிறது. என் காலத்தில் அந்தப் பெயர் இல்லை. அதற்குப் பதில் ஒரு நோட்ஸ் இருந்தது. இந்துக்கள் இன்னின்னது உண்பதில்லை, முஸ்லிம்கள் ரமழானில் நோன்பு நோற்பர், பௌத்தர் பௌர்ணமிப் போயா தினத்தில் ‘சில்’ எனும் விரதம் அனுஷ்டிப்பர்... மனப்பாடம் செய்தால் ஐந்து மார்க்ஸ். நானே எழுதிய நோட்ஸ். அதில் திங்களும் வியாழனும் இல்லை. நோட்ஸில் இல்லாதது ராத்தாவின் வீட்டிலும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். தமிழ் தெரிந்த நான் கேட்கவில்லை. நாலு கேள்விக்குத் தமிழ் தெரிந்த பிள்ளை கேட்டாள். அவளுக்குத் தமிழில் ஏசத் தெரியாது, அது எவ்வளவு வசதியாகப் போயிற்று பாருங்கள்.

இன்னொன்று. நாங்கள் வெறும் வயிற்றோடு வா என்றால் அது விஞ்ஞானம். அவர்கள் தாங்களாக வெறும் வயிற்றோடு இருந்தால் அலட்சியம். எல்லாருக்கும் ஒரே குளிசை, ஒரே நேரம், ஒரே ஏச்சு என்று கொடுத்துவிட்டு, அதைச் சமத்துவம் என்றும் சொல்லிக்கொண்டோம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் மானத்தோடு வீட்டுக்கு வந்திருப்பேன். பஸ்ஸுக்காக வாசல் வேப்பமரத்தடியில் நின்றபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏன் ராத்தா, நோன்பு எண்டு முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவர் முக்காட்டைச் சரிசெய்தார்.

“சொன்ன மிஸ். ஒரு தரம்.”

“ஆரிட்ட?”

“உங்களிட்டத்தான்.”

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். “நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்த காலம். ‘சீனி வருத்தத்தோட நோன்பா, சாகவா போறீங்க’ எண்டு சத்தமாக் கேட்டீங்க. நிண்ட பிள்ளைகள் எல்லாம் சிரிச்சிதுகள். நோன்பை விட ஏலாது. அதால சொல்றத விட்டுட்டன்.”

எனக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏசியவளுக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டவர் அதை ஏழெட்டு வருடம் சுமந்திருக்கிறார். அந்த வருடங்களில் நூறு தடவையாவது அந்தப் பாயில் தனியாகச் சாய்ந்திருப்பார். ஒருமுறை எழும்பாமல் போயிருந்தால், கொப்பியில் கடைசி வசனமாக என் வசனம்தான் நின்றிருக்கும்.

“மன்னிச்சிடுங்கோ ராத்தா” என்றேன். வேறென்ன சொல்ல?

“அதுக்கென்ன. இண்டைக்கு நீங்க ஓடின ஓட்டத்தைப் பாத்து நான்தான் பயந்துட்டன், விழுந்துருவீங்க எண்டு.”

சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தூக்கிச் சுமக்கிறோம் என்று தெரியாமலே சுமந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

“திங்கள் மூண்டு மணிக்கு, கை நடுங்குதா இல்லையா எண்டு எனக்கு ஒரு போன் எடுப்பீங்களா?”

“எடுத்தா ஏசுவீங்களா?”

“ஏசமாட்டன்.”

அந்தப் போன்தான் போன திங்கள் வந்தது.

நதீகாவின் தாள்களைத் திருப்பி எடுத்து, ஓரத்தில் இருந்த கிறுக்கல்களை அவளையே வாசித்துச் சொல்லச் சொன்னேன். பெட்டிக்குள் அடங்காத பதில்கள் இன்னும் பதினொன்று இருந்தன. ஆய்வின் தலைப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த முறை கேள்விகளை அவளே எழுதட்டும்.

கடைசியாக, வழக்கமாகப் பின்னேரங்களில் எனக்குப் போன் எடுத்து, நான் எழுதும் இந்தப் பத்தியைப் பற்றிக் கதைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திங்களும் வியாழனும் மூன்று மணிக்கு மட்டும் எடுக்காதீர்கள், அந்த நேரம் லைன் சும்மா இருக்கவேண்டும்.