தவளை தங்கராசும் ஸ்டெல்லா அக்காவும்

தலைக்கு மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டே பிழைப்பதுதான் பொம்மை ஆட்டுகிறவன் தொழில். பஸ் கம்பியில் தொங்கியபடி தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு என் தோள்வலி புரியும். விருத்தாசலம் லோக்கல் கேபிளில் பிள்ளைகள் போனில் பேசுகிற மாலை நேரச் சிறுவர் நிகழ்ச்சி எங்களுடையது. தவளை தங்கராசு என்று ஒரு பொம்மை. அதன் வாயும் குரலும் ஸ்டெல்லா அக்கா. இரண்டு கைகளும் நான். இருவருக்கும் ஒரே மேசையடிதான் ஆபீஸ்.

கனத்த தலை

அக்கா அதற்கு முன் செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர். அந்தப் பாசத்தில் தங்கராசுவின் முதல் தலையைப் பீங்கானிலேயே சுட்டுக் கொண்டுவந்துவிட்டார். அழகான தலை. ஆனால் முதல் நாள் நேரலையில் பாட்டு முடிவதற்குள் அக்காவின் கை கனம் தாங்காமல், தலை மெல்ல மெல்லச் சாய்ந்து மேசையிலேயே படுத்துவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்.

"பாவம், தவளைக்குத் தூக்கம் வந்திருச்சுங்க. எழுப்பாதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்."

சிறப்பு விருந்தினர்

ஸ்பாஞ்சுத் தலைக்கு மாறியபின் தங்கராசு பெரிய மனிதனாகிவிட்டான். மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். தவளைக்குச் சால்வை, மேடையில் நாற்காலி. துபாயில் இருக்கும் அப்பாக்களுக்கு வீடியோ காலில் காட்டப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். நாங்கள் நாற்காலிக்குப் பின்னால் குந்தியிருந்தோம். எல்லாம் முடிந்து எழுந்தபோது அக்காவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கடைக்கார பாய் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அன்பாகக் கேட்டார்:

"நீங்க தங்கராசுக்குச் சொந்தமுங்களா?"

ஊசி

அப்புறம் அக்காவுக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான் போவேன். ஒருநாள் ரத்தம் எடுக்கிற இடத்தில் திட்டக்குடிச் சிறுமி ஒருத்தி கையை நீட்டாமல் அலறினாள். பொம்மை எங்களிடம் இல்லை. அக்கா மூச்சு வாங்க வாங்க, தங்கராசு குரலில், "எனக்கும் ஊசின்னா பயந்தான். நீ அழுவு, நானும் கூட அழுவுறேன்" என்றார். சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு பெஞ்சுக்கு அடியில் தவளையைத் தேடினாள். அதற்குள் நர்ஸம்மா வேலையை முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"அடுத்து நீங்க. கையைக் குடுத்துட்டு நீங்களும் அந்தத் தவளையைத் தேடுங்கம்மா."

குரல் இல்லாத நாள்

அக்கா போய்விட்டார். அடக்கம் முடிந்து சில நாளில் சேனல் முதலாளி, "நீயே பேசிப் பாரேன்" என்றார். மேசைக்கு அடியில் முதல்முறையாகக் கால் நீட்ட இடம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. தங்கராசுவின் வாய்க்குள் கையை விட்டேன். முதல் போன், ஒரு சின்னப் பிள்ளை. அக்கா மாதிரியே பேசப் பார்த்தேன். தவளையின் வாய் திறந்து திறந்து மூடியதே தவிர, சத்தம் வரவில்லை. நிகழ்ச்சி இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை போனை வைக்கவில்லை.

"தொண்டை வலிக்குதா தங்கராசு? நீ பேச வேணாம். ஸ்கூலுல நடந்தத நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டு."

அன்றிலிருந்து பிள்ளைகள் பேசுகிறார்கள், தவளை கேட்கிறது. டிவியில் வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.