மிஷின் மேல் போட்ட பழி

சுகாதார நிலையத்துக்குள் நுழையும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"டாக்டர் எங்கீங்க?"

"வாரத்துல ரெண்டு நாளுதான் வருவாக. மத்த நாளெல்லாம் நான்தான்க்கா" என்றாள் நர்ஸ். தெற்கத்திப் பெண். சின்ன வயது.

"அப்பச் சுகர் மாத்திரையக் குடுங்க, போறேன். ஒரு மணி நேரந்தானுங்க பர்மிஷன்."

என் கோபத்துக்குக் காரணம் வேறு. பனியன் கம்பெனியில் இருபது வருடமாக ஓவர்லாக் டெய்லர் நான். மூன்று வாரமாக என் மிஷின் தறிகெட்டு ஓடியது. தோள் தையல் எல்லாம் கோணல். மெக்கானிக்கைக் கண்டபடி திட்டினேன். பெல்ட்டை மாற்றினான், மோட்டாரையும் மாற்றினான். "மிஷின்ல ஒண்ணுமில்லீங்க்கா" என்றான். இன்னும் ஒரு வாரம் இப்படியே தைத்தால் பிசிர் நூல் வெட்டும் வேலைக்கு உட்கார வைத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம்.

நர்ஸ் மாத்திரை தரவில்லை. விரலில் குத்திச் சுகர் பார்த்தாள். முகம் சுளித்தாள். என்ன வேலை என்று கேட்டாள். மெக்கானிக் கதை முழுவதையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"கண்ண மூடுங்க. தொட்டா சொல்லணும்."

"எனக்கே நூலக் காட்டறீங்களா?" கண்ணை மூடிக் காத்திருந்தேன். "எப்பத்தானுங்க தொடுவீங்க?"

"எட்டு எடத்துல தொட்டாச்சுக்கா."

சட்டென்று கண்ணைத் திறந்தேன். அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் உடைந்த ஊசி முனை ஏறியிருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில்தான் பெடல் மிதிப்போம். எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்தேனோ!

டாக்டருக்கு வீடியோவில் காலைக் காட்டி, அவர் சொன்னபடி ஊசியை எடுத்தாள். டிடி தடுப்பூசி போட்டாள், கட்டுக் கட்டினாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. பெடல எம்புட்டு அமுத்துறீகன்னு, சுகர்ல மரத்துப்போன ஒங்க காலுக்குத்தான் தெரியல. மோட்டார் வேகத்தக் கொறைக்கச் சொல்லுங்க. ஷூ போட்டுத் தையிங்க."

ஒரு மாதம் அவளே கட்டு மாற்றினாள். ஒரு நாள் விட்டாலும் போன் செய்து திட்டுவாள். என்னையே திட்ட ஒருத்தி! புண் ஆறியது. மரத்துப்போனது முழுதாகத் திரும்பவில்லை.

கட்டுப் போட்ட மறுநாளே மெக்கானிக்கிடம் தப்பு என்னுடையது என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க்கா, லைன் பூராக் கேக்கட்டும்" என்றான் படுபாவி. சொன்னேன். லைனில் தைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து வைத்தான்.

துணி ஷூவோடு முதல் சட்டையைத் தைத்தேன். சூப்பர்வைசர் அதன் தோள் தையலைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த துணிக்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அன்றைக்கு டீ நான்தான் வாங்கினேன்.

மறுவாரம் சுகர் இருக்கிற நான்கு டெய்லர்களை அந்த நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒருத்தி தயங்கினாள்.

"ஏனுங்க்கா, டாக்டர் இருப்பாங்களா?"

"வாய மூடிட்டுச் செருப்பக் கழட்டு" என்றேன்.