குடியுரிமைப் பிரிவில் கணவன் இல்லை

பத்தொன்பது வருடங்களாக லண்டன் சட்ட வரைவு அலுவலகத்தில் பெரில் பார்த்தது ஒரே வேலைதான். மூலப்படியை அவள் சத்தமாக வாசிப்பாள். எதிரே சக ஊழியர் டாப்ளி தட்டச்சுப் படியில் விரல் வைத்துத் தொடர்வார். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொருளில் மனம் போனால் புள்ளி தவறிவிடும். ஆகவே அவள் பொருளுக்குக் காது கொடுப்பதில்லை. அவள் வாசித்த படி பிழையென்று ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்த நற்பெயர் கிடையாது.

1976 வசந்தத்தில், பிரிட்டிஷ் காலனியான சேஷெல்ஸ் தீவுகளுக்கு விடுதலை தரும் மசோதா வந்தது. ராணியின் அரசுக்கு இனி அங்கே பொறுப்பில்லை, கமா. அதையும் மற்றவற்றைப் போலத்தான் வாசித்தாள்.

குடியுரிமைப் பிரிவில் காது தானாகத் திறந்துகொண்டது. அவள் லண்டனில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள்; அவள் கணவன் ஆல்சீட் அந்தத் தீவில் பிறந்தவன். இங்கே பஸ் டெப்போவில் மெக்கானிக். தீவில் பிறந்தவர்கள் புது நாட்டுக் குடிமக்கள் ஆவார்கள், பிரிட்டிஷ் குடியுரிமை போய்விடும். ஒரு விலக்கு இருந்தது: பிரிட்டிஷ் குடிமகனின் மனைவிக்குப் போகாது. அடுத்து கணவன் என்ற சொல் வரும் என்று காத்திருந்தாள். முற்றுப்புள்ளிதான் வந்தது.

"என்னம்மா, நின்னுட்டே?" என்றார் டாப்ளி.

"மனைவின்னு மட்டும் இருக்கு. கணவன் விட்டுப்போச்சோ?"

"எழுதினவர் ஆம்பளை. பொண்டாட்டி ஞாபகம்தான் வந்திருக்கும். ஓரத்துல கேள்வி போடு, அதுக்குத்தானே பென்சில் குடுத்திருக்காங்க."

'கணவன்: விடுபட்டதா?' என்று சின்ன எழுத்தில் எழுதினாள்.

வியாழனன்று படி திரும்பியது. கீழே, மசோதாவை எழுதியவர் மையில் தந்த பதில்: 'விடுபடவில்லை.' அவள் தன் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தாள். தூளை ஊதினாள். முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். ஒரு கமாகூடத் தவறவில்லை.

வீட்டில் ஆல்சீட் மீன் பொரித்து வைத்திருந்தான்.

"எங்க தீவு சட்டம் தயாராகுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். உன் மேசைக்குத்தானே வரும்? நான் அதுல எங்க இருக்கேன்?"

"பார்லிமென்டுக்குப் போற வரைக்கும் வெளிய பேசக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவன் அவள் தட்டில் சோறு வைத்தான். நடுத்துண்டையும் வைத்தான்.

"நான் அதுல இருந்திருந்தா, நீ கையெழுத்தையும் மீறிச் சொல்லியிருப்பே பெரில்."

அவள் நடுத்துண்டில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.